ஆடிட் அறிக்கை கற்றுத் தராதது

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மென்பொருளைக் கட்டுவதை அணுகல்தன்மை என்கிறோம். பெரும்பாலான நிறுவனங்களில் அந்த வேலை ஓர் ஆடிட்டில்தான் தொடங்குகிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தில் கேட்டிருப்பார்; இல்லையென்றால் ஏதோ ஒரு சட்டத்தின் கெடு நெருங்கியிருக்கும். வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட எக்செல் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த வரிகள் ஒவ்வொன்றாக, வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா என்ற மென்பொருளில் டிக்கெட்டாக ஏறும். சிலவற்றைச் சரிசெய்வார்கள், சில அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப் போகும். அதற்குள் புதிதாகக் கட்டிய திரைகளில் அதே பிழைகள் மறுபடி முளைத்திருக்கும். அடுத்த வருடம் இன்னொரு ஆடிட்.

மென்பொருள் நிறுவனங்களுக்குள் பயனர் ஆய்வு செய்வது என் வேலை. இந்தச் சுழற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. தாங்கள் கட்டியதை ஒரு மாற்றுத்திறனாளி பயன்படுத்துவதை, அதைக் கட்டியவர்களே அடிக்கடி உட்கார்ந்து பார்க்கும் நிறுவனத்தில்தான் அணுகல்தன்மைத் திறன் வேர்பிடிக்கிறது. பயனர் ஆய்வுக்கு ஒரு பட்ஜெட், ஊழியர் பயிற்சிக்கு வேறொரு பட்ஜெட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை.

சட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கிச் சேவை, இணைய வணிகம், மின்னூல், பயணச்சீட்டு என்று அன்றாடம் தொடுகிற பலவும் அதற்குள் வருகின்றன. விற்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும், ஐரோப்பிய நுகர்வோருக்கு விற்கிறது என்றால் அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அதுவரை 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பல நிர்வாகங்கள் அந்தத் தேதி நெருங்கியதும்தான் பணம் ஒதுக்கின. நல்லதுதான். பணத்தை ஒரு கையெழுத்தில் ஒதுக்கிவிடலாம். திறன் அப்படி வருவதில்லை.

எப்படி வருவதில்லை என்பதற்குப் பொதுவெளியிலேயே கணக்கு இருக்கிறது. வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்து வருகிறது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பிழைகளில் 96 சதவீதம் வெறும் ஆறே வகைகளில் அடங்கிவிட்டன: எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு இல்லாதது, படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை இல்லாதது, படிவத்தின் கட்டங்களுக்கு லேபிள் இல்லாதது, வெற்று இணைப்பு, வெற்று பட்டன், பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று குறிப்பிடாதது. ஆண்டுக்கு ஆண்டு இதே ஆறுதான் திரும்ப வருகின்றன. இவற்றில் எதுவும் கடினமானது இல்லை. படத்துக்கு இணையான உரை தர வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி என்ற வலை அணுகல்தன்மை வழிகாட்டுதலின், 1999-இல் வெளிவந்த முதல் பதிப்பின் முதல் விதி. அந்த அறிவு கால் நூற்றாண்டாக இலவசமாகக் கிடைக்கிறது. முடிவெடுக்கும் நொடியில் முடிவெடுப்பவர் கையில் அது இல்லை என்பதுதான் பிரச்சினை.

அந்த முடிவுகளை எடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். வெளிர் சாம்பல் நிற எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர் டிசைனர். லேபிளை எடுத்துவிட்டுக் கட்டத்துக்குள்ளேயே மங்கலாக ஒரு குறிப்பு போதும் என்றவரும் அவரே. டிவ் என்ற வெறும் பெட்டி ஒன்றைப் பட்டன் மாதிரி அலங்கரித்து மவுஸ் கிளிக் மட்டும் வேலை செய்யும்படி வைத்தவர் டெவலப்பர். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று இணைப்புக்குப் பெயர் வைத்தவர் உள்ளடக்கம் எழுதுபவர். ஒரு சாட் கருவியை விலை மட்டும் பார்த்து வாங்கி வந்து தளத்தில் ஒட்டச் சொன்னவர் கொள்முதல் பிரிவில் இருப்பவர். இவர்கள் யாரும் அணுகல்தன்மை நிபுணர் இல்லை, ஆகவும் வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் வழக்கமான பயிற்சி தடுமாறுகிறது. டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2-இல் 86 அளவுகோல்கள் இருக்கின்றன. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து அத்தனையையும் ஸ்லைடில் ஓட்டினால் மாலைக்குள் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. டிசைனருக்கு முக்கியமாக வேண்டியது நிற வேறுபாட்டு விகிதம் 4.5-க்கு 1, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம், நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாமல் இருப்பது, ஃபோகஸ், அதாவது விசைப்பலகை அந்த நேரத்தில் நிற்கும் இடம், எந்த வரிசையில் நகரும் என்பதை வரைபடத்திலேயே குறித்துத் தருவது. டெவலப்பருக்கு, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல் ஏற்கெனவே தருகிற பட்டனையும் தலைப்பையும் பட்டியலையும் அப்படியே பயன்படுத்துவது. துணைக்கருவிகளுக்காக எச்.டி.எம்.எல்-இல் கூடுதல் குறிப்புகள் சேர்க்கும் ஏரியா (ARIA) என்ற முறையை அதற்கு அப்புறம்தான் தொடுவது. டபிள்யூ.சி.ஏ.ஜி-யை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பே பணிகளையும் பொறுப்புகளையும் இப்படிப் பிரித்துக் காட்டும் ஒரு வரைவைத் தந்திருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், பொதுப் பயிற்சி நாளைவிட அதிகம் பயன் தரும் என்பது நான் கண்டது.

அந்த ஒரு பக்கத்தோடு ஒரு பழக்கமும் வேண்டும். மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய சொந்தத் திரையை டேப் விசையால் மட்டும் கடந்து பார்ப்பது. ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா? ஒரு சிறு சன்னலைத் திறந்தால் ஃபோகஸ் அதற்குள் போகிறதா, பின்னாலிருக்கும் பக்கத்திலேயே அலைகிறதா? மூடினால் திறந்த இடத்துக்கே திரும்புகிறதா? சில நிமிட வேலை இது, எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு அம்சம் 'முடிந்தது' என்று அறிவிக்கும் முன் இதைச் செய்வது வழக்கமாகிவிட்ட குழுக்களில் பாதிப் பிழைகள் வெளியே போவதே இல்லை.

ஆனால் சரிபார்ப்புப் பட்டியலால் ஒரு எல்லை வரைதான் கொண்டுபோக முடியும். அதற்கு அப்பால் கொண்டுபோவது எது என்பதற்கு நான் உடனிருந்த ஓர் அமர்வைச் சொல்கிறேன்.

முன்பதிவுப் படிவம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பங்கேற்றவர் பார்வையற்றவர், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர்களில் ஒன்றான என்.வி.டி.ஏ-வைப் பயன்படுத்துபவர். அந்த ஸ்க்ரீன் ரீடர் பேசிய வேகத்தில் பார்வையாளர்களாக இருந்த எங்கள் யாருக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் நிதானமாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார். சமர்ப்பிக்கும் பட்டனில் என்டர் தட்டினார். எந்தச் சத்தமும் இல்லை. திரையின் மேல்பகுதியில் சிவப்பு எழுத்தில் 'தேதியின் வடிவம் தவறு' என்று வந்திருந்தது; எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு அது வந்ததே தெரியாது. மறுபடி என்டர் தட்டினார். பக்கத்தின் அடிவரை போனார். ஷிஃப்டோடு எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புத் தலைப்பாக மேலே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், அனுப்பிடுச்சா? ஒண்ணுமே சொல்லலையே."

அந்தப் படிவத்தைக் கட்டிய டெவலப்பர் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிழை அவருக்குப் புதிதில்லை. ஆடிட் கோப்பில் '4.1.3 நிலைச் செய்திகள், தோல்வி' என்ற வரியாக அது இருந்தது. மூன்றாம் முன்னுரிமை டிக்கெட்டாக மாதக்கணக்கில் கிடந்தது. அன்று மாலையே அவர் அதை எடுத்தார். பிழைகள் எல்லாம் படிவத்தின் தலையில் ஒரு தொகுப்பாக வரும்படியும், ஃபோகஸ் அங்கே போகும்படியும், ஒவ்வொரு செய்தியிலிருந்தும் அதற்குரிய கட்டத்துக்கு நேராகப் போக ஓர் இணைப்பு இருக்கும்படியும் மாற்றினார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பிறகு நடந்தது. எந்த டிசைன் கூட்டமாக இருந்தாலும், "எரர் வந்தா ஃபோகஸ் எங்க போகும்?" என்று கேட்பவராக அவர் மாறிவிட்டார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

இதனால்தான் ஆய்வு அமர்வுகளில் டெவலப்பரும் டெஸ்டரும் ப்ராடக்ட் மேனேஜரும் நேரடியாக உட்கார வேண்டும் என்று நான் விடாமல் கேட்கிறேன். சுருக்க அறிக்கை அந்த வேலையைச் செய்யாது. அமர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் ஸ்லைடில் 'பயனர் சிரமப்பட்டார்' என்ற ஒரு வரிதான் மிஞ்சும்.

சரி, மாற்றுத்திறனாளிகளோடு ஆய்வு நடத்துவோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதும் அடுத்த சுவர் எழும்: ஆய்வுக் குழுவின் வழக்கமான முறைகளே பலருக்குக் கதவைச் சாத்துகின்றன. எங்கள் தொழிலில் பெரிதும் நம்பப்படுவது, பங்கேற்பவரை மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொல்லும் முறை. ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவரிடம் அதைக் கேட்டால் என்ன ஆகும்? அவர் காதில் ஒரு குரல் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவரும் பேச வேண்டும். நாம் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மூன்று குரல்கள். ஒன்று அவர் ஸ்க்ரீன் ரீடரை நிறுத்துவார், இல்லை பேச்சை நிறுத்துவார். இரண்டிலும் நமக்குக் கிடைப்பது திரிந்த சித்திரம். நான் இப்போது செய்வது: முதலில் வேலையை அவர் போக்கில் முடிக்க விடுகிறேன், முடிந்ததும் அந்தப் பகுதிக்கு மீண்டும் போய், இங்கே என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன கேட்டது என்று பேசுகிறோம். நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஒரு மணி நேரம் என்று வைத்திருந்த அமர்வை ஒன்றரை மணி நேரமாகத் திட்டமிட வேண்டும்; அதற்கேற்ப ஒரு நாளில் வைக்கும் அமர்வுகளைக் குறைக்க வேண்டும்.

வீடியோ அழைப்பில் நடத்தினால் இன்னும் சில விஷயங்கள். திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் பகிரச் செய்யாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் நமக்குக் கேட்காது, ஊமைப்படம்தான் பதிவாகும். பார்வையாளர்கள் அழைப்புக்குள் சாட்டில் எழுதிக்கொண்டால் ஒவ்வொரு செய்தியையும் அவருடைய ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கக்கூடும். ஆட்கள் உள்ளே வருவதும் வெளியேறுவதும்கூட அறிவிக்கப்படலாம். அதனால் பார்வையாளர்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பேசிக்கொள்ள வேறு ஓர் இடம் வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அவருடைய சொந்தக் கணினி, சொந்தப் போன், அவர் பழகிய அமைப்புகள். நம் ஆய்வகத்துக் கணினியில் உட்கார வைத்தால் நாம் சோதிப்பது நம் தயாரிப்பை அல்ல, பழக்கமில்லாத கருவியோடு அவர் படும் பாட்டை.

ஒப்புதல் படிவத்தையும் பாருங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப் கோப்பை அனுப்பி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்கிறோம். ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம். அணுகல்தன்மை ஆய்வுக்கு அழைத்தவர்களே அணுக முடியாத ஒரு தாளை நீட்டுகிறோம் என்பது எனக்கு இன்றும் வேதனை தரும் விஷயம். மின்னஞ்சலின் உடலிலேயே எளிய உரையாக எழுதி, சம்மதம் என்று பதில் எழுதினால் போதும் அல்லது பதிவில் வாயால் சொன்னால் போதும் என்று சட்டப் பிரிவோடு ஒருமுறை பேசி முடித்துக்கொண்டால், அது எல்லாப் பங்கேற்பாளர்களுக்கும் வசதியாகிவிடுகிறது.

ஆளெடுக்கும் கேள்வித்தாளில் 'உங்களுக்கு என்ன குறைபாடு' என்று மருத்துவக் கேள்வி கேட்பதை நான் நிறுத்தச் சொல்வேன். நமக்குத் தெரிய வேண்டியது அவருடைய நோய்ப் பெயர் இல்லை. கணினியையும் போனையும் எப்படிப் பயன்படுத்துகிறார், எந்தத் துணைக்கருவி, எத்தனை காலமாக, அமர்வுக்கு வர நாம் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பவைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குறிப்பிடத்தக்க அளவு மாற்றுத்திறனோடு வாழ்பவர்கள் 130 கோடி பேர். ஆறு பேரில் ஒருவர். ஆனால் நிறுவனங்கள் அணுகல்தன்மை என்றதும் பார்வையற்றவரை மட்டும் நினைத்துக்கொள்கின்றன. திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் கண்ணில் ஒரு நேரத்தில் படுவது திரையின் ஒரு சிறு துண்டு. இடது ஓரத்தில் அவர் 'சேமி' என்று அழுத்த, வலது மேல் மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி தோன்றிச் சில நொடிகளில் மறைந்துவிடும். அவர் பார்வைக்குள் அது வரவே இல்லை. அவரும் மறுபடி மறுபடி அழுத்துகிறார். ஸ்க்ரீன் ரீடர் சோதனையில் தேறிய திரை இது.

காது கேளாதவர்களோடு அமர்வு என்றால் சைகைமொழிபெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும். நீண்ட நேரம் ஒருவரால் தனியாகத் தொடர முடியாது. நம் துறைச் சொற்களை முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் பங்கேற்பவரைப் பார்த்துப் பேச வேண்டும். கவனக் குவிப்பிலோ நினைவாற்றலிலோ சிரமம் உள்ளவர்களுக்குக் கேள்விகளை முந்தைய நாளே அனுப்புவது பெரிய உதவி. ஊக்கத்தொகை மற்ற பங்கேற்பாளர்களுக்குத் தருவதற்குக் குறையவே கூடாது. அதைப் பெறும் பரிசுக்கூப்பன் தளமே அவர்களால் திறக்க முடியாததாக இருந்துவிடக் கூடாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. லேபிள் இல்லாத கட்டங்களைக் கண்டுபிடிக்க ஒரு மனிதரை வரவழைப்பது அவருடைய நேரத்தை வீணடிப்பது. அதைத் தானியங்கிக் கருவி சொல்லிவிடும், டேப் விசை சொல்லிவிடும். முதலில் அடிப்படைகளைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மனிதரைக் கூப்பிடுவதுதான் மரியாதை. கருவிகளே போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017-இல் வேண்டுமென்றே தடைகளை நிரப்பிய ஒரு பக்கத்தைக் கட்டி, பல தானியங்கிக் கருவிகளை அதன்மேல் ஓட விட்டது. முதலிடம் பிடித்த கருவியாலும் தடைகளில் பாதியைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுவதும் தானாகவே விதிகளுக்கு உட்பட்டுவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மேல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2025-இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அப்படிப்பட்ட குறுக்குவழிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு வருடத்துக்கான ஆய்வுப் பங்கேற்பாளர்களைத் தாராளமாக அழைத்துவிடலாம்.

டிசைன் முன்மாதிரிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வரைகருவியில் செய்த கிளிக் முன்மாதிரியை ஸ்க்ரீன் ரீடரால் உண்மையான பக்கம் மாதிரி வாசிக்க முடிவதில்லை. அதனால் மாற்றுத்திறனாளிகள் எப்போதும் கடைசிக் கட்டத்தில்தான், எல்லாம் முடிவான பிறகுதான் வந்து சேர்கிறார்கள். ஒரு டெவலப்பரை அரை நாள் கடன் வாங்கி, அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எச்.டி.எம்.எல் பக்கமாக அந்த ஓட்டத்தைக் கட்டிக்கொண்டால் தொடக்கத்திலேயே சோதித்துவிடலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும். இதற்காகக் கடன் வந்த டெவலப்பர்கள் எச்.டி.எம்.எல்-ஐப் புதிதாக மதிக்கத் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி ஆட்கள் விஷயம். பல நிறுவனங்களில் ஆர்வமுள்ள சிலரைச் 'சாம்பியன்' என்று பெயர் சூட்டி ஒரு குழு அமைக்கிறார்கள். மனமுள்ளவர்கள்தான் வருகிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை, ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை. இரவில் உட்கார்ந்து அடுத்தவர் திரைகளைச் சோதித்துக் களைத்து, ஒரு நாள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அறிவும் போய்விடுகிறது. டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை முதிர்ச்சி மாதிரி ஒரு நிறுவனத்தை ஏழு கோணங்களில் அளக்கச் சொல்கிறது: தகவல் தொடர்பு, அறிவும் திறனும், ஆதரவு, தயாரிப்பு வளர்ச்சிச் சுழற்சி, பணியாளர், கொள்முதல், பண்பாடு. பெரும்பாலான நிர்வாகங்கள் தயாரிப்பு வளர்ச்சியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. எனக்கு அதிகம் முக்கியமாகப் படுவது பணியாளர் என்ற கோணம். வேலை அறிவிப்பில் அணுகல்தன்மை ஒரு வரியாக இருக்கிறதா, பதவி உயர்வுப் பேச்சில் அது எடுபடுகிறதா, முக்கியமாக, மாற்றுத்திறனாளிகள் அந்தக் குழுவிலேயே வேலை பார்க்கிறார்களா?

அந்தக் கடைசிக் கேள்விதான் ஆய்வுக் குழுக்களை நேராகத் தொடுகிறது. எங்கள் குழுவில் பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் சேர்ந்தபோது, நாங்கள் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்திய ஆன்லைன் ஒயிட்போர்டு அவருக்குக் கிட்டத்தட்ட பயன்படாத பொருளாக இருந்தது. வண்ண வண்ணச் சீட்டுகளை ஒட்டி, நகர்த்தி, வட்டம் போட்டு அர்த்தம் கண்டுபிடிக்கும் முறை அது. எந்தச் சீட்டு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியாது. பகுப்பாய்வைச் சாதாரண விரிதாளுக்கு மாற்றினோம். ஒரு வரிக்கு ஒரு கவனிப்பு. யார், எந்தத் திரை, என்ன செய்ய முயன்றார், எங்கே நின்றது, எந்தத் துணைக்கருவி என்று தனித்தனிப் பத்திகள். குழுவாக்கும் வேலை வடிகட்டியிலும் வரிசைப்படுத்துவதிலும் நடந்தது. பழைய சீட்டுப் பலகைகளில் ஒரு மாதம் கழித்து எதையும் தேடி எடுக்க முடியாது. விரிதாளில், படிவங்களில் ஸ்க்ரீன் ரீடர் பயனர்கள் நின்ற இடங்கள் எல்லாம் வேண்டும் என்று ஒரு டெவலப்பர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க முடிகிறது. புதிய கருவி எதையும் வாங்கும் முன் அந்த ஆய்வாளர் பயன்படுத்திப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் கொள்முதல் படிவத்தில் இப்போது ஒரு வரியாக இருக்கிறது. அதற்கு ஆகும் நேரம், சில வாரங்களுக்கு ஒருமுறை வேலையைப் பிரிக்கும் ஸ்ப்ரிண்ட் திட்டத்தில் அவருடைய வேலையாகவே கணக்கு வைக்கப்படுகிறது.